அரைக் கோடு நகர்த்தினேன்

இதை ஹாஸ்டல் வாசலில் நின்றபடி பிரித்துப் படிக்காதே. அறைக்குப் போய், சாப்பிட்டு முடித்துவிட்டுப் படி. படித்த பிறகு உனக்குச் சோறு இறங்காது. மூன்று நாளாக உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்ட் பூத்திலிருந்து உனக்குப் போன் போட்டேன். மூன்று நாளும் "சாப்பிட்டியா, அங்க மழையா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நேற்று நீயே, "இன்னா நைனா, எதுனா சொல்லணுமா?" என்று கேட்டாய். "ஒண்ணும் இல்லடா, சும்மாதான்" என்றேன். இருபத்தைந்து வருடம் காஞ்சிபுரத்து அச்சகத்தில் ஊராருடைய எழுத்தைப் படம் பிடித்தவனுக்கு, சொந்த மகனிடம் நாலு வார்த்தை பேச வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

போன வாரம் நீ வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உன் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே சொன்னாய்: "வர்ற திங்கள வுட்டு அடுத்த திங்கக்கெழமை எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன். மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் கம்பெனில வேலை கீது. பி.எச்.டி. எனக்கு வேணாம். எனக்கு இந்த லேப் வேலைக்குக் கை வராது நைனா." நான் ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்றிக்கொண்டே இருந்தேன். உன் அம்மா, "யோவ், வழியுது" என்றாள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சுற்றி வளைத்துத் தப்பித்துக்கொள்வேன். உன் கையில் ஒரு தப்பும் இல்லை. பத்து மாதமாக உன் சோதனை வராமல் போனதற்குக் காரணம் நான் எடுத்துக் கொடுத்த ஃபிலிம். அதைக் கெடுத்தது நான். கெடுத்தது தெரிந்தும் ஆறு மாதமாக வாயை மூடிக்கொண்டிருந்தவனும் நான்தான்.

என் தொழில் உனக்குத் தெரியும், ஆனால் அதற்குள் நான் எப்படி இருந்தேன் என்பது உனக்குத் தெரியாது. நம் காலனியில் ஏரிக்கரை நிலங்களில் கூலிக்குப் போகாமல், அச்சடிக்கிற தாளைப் படமெடுத்து ஃபிலிமாக்குகிற அச்சகத்துக் கேமரா ரூமுக்குள் போனவன் நான் ஒருவன்தான். முதல் இரண்டு வருடம் கூட்டிப் பெருக்க மட்டும்தான் விட்டார்கள். பிறகு கேமராக்காரர் ஒருவர் திடீரென்று நின்றுவிட்டதால் என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு மாதத்தில் பிடித்துக்கொண்டேன். முதலாளி ஒருநாள் பத்துப் பேர் முன்னால், "உங்க ஆளுங்கள்ல இவ்ளோ சுத்தமான கைய நான் பாத்ததே இல்லப்பா" என்றார். அந்தப் பேச்சில் என்ன இருக்கிறது என்று புரிய எனக்கு இத்தனை வருடம் ஆனது. அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் மூன்று முறை சொன்னேன். அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம். மற்றவன் தப்புப் பண்ணினால் அவன் பண்ணின தப்பு. நான் பண்ணினால் "இவங்க இப்படித்தான்" என்று ஆகிவிடும். அதனால் நான் தப்பே பண்ணக் கூடாது. பண்ணினாலும் அது என் தப்பு என்று யாருக்கும் தெரியக் கூடாது.

அந்தப் பயத்துக்கு முதலில் அடி வாங்கியவன் நீ. ஐந்தாவது படிக்கும்போது லீவு நாளில் உன்னை அச்சகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நீ புது ஃபிலிம் பெட்டியை வெளிச்சத்தில் திறந்து பார்த்துவிட்டாய். ஐம்பது ஷீட்டும் பாழ். முதலாளி வந்து நின்றார். நான் உன்னை அடித்தேன். அவர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அடித்தேன். கோபமே இல்லை எனக்கு, அதுதான் கேவலம். நீ அழுதுகொண்டே பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து, "வெளிச்சம் பட்டா ஏன் நைனா கெட்டுப் போவுது?" என்று கேட்டாய். "தூங்குடா" என்றேன். நீ தூங்காமல் அதையே பிடித்துக்கொண்டு பெங்களூர் வரைக்கும் போய்விட்டாய். ஊரில் கேட்டால், என்னைப் பார்த்துத்தான் நீ வெளிச்சத்தைப் படிக்கப் போனாய் என்று நான் பெருமை அடித்துக்கொள்வேன். அடித்த கதையை மட்டும் சொல்ல மாட்டேன்.

போன ஆவணியில் நீ பெரிய பெரிய தாள்களைச் சுருட்டிக்கொண்டு வந்தாயே, அந்த நாளுக்கு வருகிறேன். கோடு கோடாக அச்சடித்த நாலு தாள். நடுவில் மட்டும் ஒரு கோடு முள்கரண்டி மாதிரி பிளந்திருந்தது. "இத்த அப்பிடியே சின்னதாக்கி ஃபிலிம்ல எடுத்துத் தா நைனா. தபால் தலைய விடச் சின்னதா வரணும். வெளிநாட்லேர்ந்து வரவைக்கணும்னா ஆறு மாசம் ஆவும்" என்றாய். எதற்கு என்று கேட்டேன். நீ பொறுமையாகச் சொன்னாய். ஒரு ஒளித்துளியைக் கண்ணாடி மாதிரி ஒரு படிகத்துக்குள் விட்டால் எப்போதாவது ஒருமுறை அது இரண்டாகப் பிரியும். இரண்டும் வேறு வேறு பக்கம் போகும். நேராகப் போகாமல், கயிறு திரிக்கிற மாதிரி முறுக்கிக்கொண்டே போகும். ஒன்று வலப்பக்கம் முறுக்கினால் மற்றது இடப்பக்கம். வருகிற ஒளி என்ன வடிவம் என்று பார்ப்பதற்குத்தான் இந்த ஃபிலிம். வடிவம் பொருந்தினால் உள்ளே விடும், பொருந்தாவிட்டால் விடாது.

நான் கெட்டிக்காரத்தனமாக, "அப்போ கிளம்பும்போதே ரெண்டும் பேசி வச்சிக்கினு போவுதுங்க" என்றேன். நீ சிரித்தாய். "எல்லாரும் மொதல்ல அப்பிடித்தான் நைனா சொல்வாங்க. பேசி வச்சிக்கினு போனா இவ்ளோதான் ஒத்துப் போவும்னு ஒரு கணக்கு கீது. இதுங்க அந்தக் கணக்கத் தாண்டி ஒத்துப் போவுது. நாம பாக்கற வரிக்கும் ரெண்டுத்துக்குமே எந்தப் பக்கம்னு முடிவாகல. இங்க பாத்தா, அங்க இருக்கறதும் சேந்து முடிவாவுது." முறம் வைத்துப் புடைத்துக்கொண்டிருந்த உன் அம்மா, "எங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம் முடிவானதும் அப்பிடித்தான்டா, யாரும் எங்களக் கேக்கல" என்றாள். நாம் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன். கிளம்பும்போது நீ சொன்னாய்: "நடுவுல அந்தப் பிளவ மட்டும் தொட்டுடாத நைனா, அதான் முக்கியம்." நான் அதைத் தொடவில்லை. சத்தியமாகத் தொடவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வாடிக்கையாளர் தாளில் படங்களை வெட்டி ஒட்டிக் கொண்டுவருவார். ஒட்டும்போது ஒரு துண்டு நூலிழை நகர்ந்திருக்கும். கேமராக்காரன் அதைக் கண்டுபிடித்து, பெரிய நெகட்டிவ்வில் அந்தத் துண்டை பிளேடால் வெட்டி எடுத்து, சரியான இடத்துக்கு நகர்த்தி, கண்ணாடி மாதிரி டேப் போட்டு ஒட்டி, ஒட்டின தடம் தெரியாமல் கருப்பு மை வைத்து மூடிவிடுவான். இதை யாரும் வாடிக்கையாளரிடம் சொல்ல மாட்டார்கள். சொல்லாமல் சரிபண்ணுகிறவன்தான் நல்ல தொழிலாளி என்று பெயர். உன் தாள்களை முதலில் பெரிய நெகட்டிவ்வாக எடுத்து லைட் டேபிளில் போட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நாலிலும் நடுவைச் சுற்றி ஒரு வட்டம் தெரிந்தது. அந்த வட்டத்துக்கு உள்ளே இருக்கிற கோடும் வெளியே இருக்கிற கோடும் ஒன்றுக்கொன்று சேரவில்லை. சரியாக அரைக் கோடு தள்ளி நின்றது. உள்ளே கருப்பு இருக்கிற இடத்துக்கு நேராக வெளியே வெள்ளை. எனக்கு உடனே தோன்றியது, பையன் அவசரத்தில் ஒட்டியிருக்கிறான், வட்டம் நகர்ந்துவிட்டது என்று. நாலிலும் ஒரே மாதிரி, அதே அரைக் கோடு எப்படி நகரும் என்று யோசிக்கவில்லை. உன் தாளில் ஒட்டே கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டரில் அடித்தது என்றுகூட யோசிக்கவில்லை. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். மகன் தப்புப் பண்ணிவிட்டான், அப்பன் சரிபண்ணிவிட்டான், அவனுக்குத் தெரியவே வேண்டாம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். இரண்டு நாள் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு உட்கார்ந்தேன். நாலு வட்டத்தையும் வெட்டி, அரைக் கோடு நகர்த்தி ஒட்டினேன். கோடுகள் எல்லாம் அப்படி அழகாகச் சேர்ந்தன. அதன் பிறகு சுருக்கி எடுத்தேன். என் வாழ்நாளில் நான் செய்த நல்ல வேலைகளில் அது ஒன்று. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

காணும் பொங்கலன்று நீ வந்திருந்தபோது முகம் வாடியிருந்தது. நடுவில் ஒரு வளையம் வருகிறது, சுற்றிலும் வரவேண்டிய இரண்டாவது வளையம் சரியாக வரவே இல்லை, இந்தப் பக்கத்தில் ஒளித்துளிகளை எண்ணுவதும் அந்தப் பக்கத்தில் எண்ணுவதும் சேரவே மாட்டேன் என்கிறது என்றாய். உன் அம்மா, "இன்னாடா அது, எனக்கும் சொல்லு" என்றாள். நீ வீணான கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினாய். "வெறும் முறுக்கு மட்டும் இல்லம்மா. வளையத்துக்குள்ள வளையம். இந்த ரெண்டு வளையமும் நேர் எதிரா இருக்கணும். அதுக்குத்தான் வட்டத்தத் தாண்டினதும் கோட்டெல்லாம் அரைக் கோடு தள்ளிப் போட்டுக்கீறேன். மத்தவங்க முறுக்கத்தான் பாத்துக்கீறாங்க. இந்த வளையத்தையும் சேத்துப் பாக்கறதுதான் என் வேலை." நான் கரும்பைக் கடித்துக்கொண்டிருந்தேன். நான் சரிபண்ணினது அந்த அரைக் கோட்டைத்தான். எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டேன். உனக்கு நினைவிருக்கிறதா தெரியவில்லை. கரும்பு நாக்கை அறுத்துவிட்டது என்று சொன்னேன்.

அன்றைக்கே சொல்லியிருந்தால் நீ திட்டியிருப்பாய், பிறகு சிரித்திருப்பாய், புதுசாக எடுத்துக்கொண்டு போயிருப்பாய். அதுவரைக்கும் போனதற்கு மேல் ஒரு வாரத்து நஷ்டம், அவ்வளவுதான். நான் என்ன செய்தேன் தெரியுமா? பொங்கல் முடிந்து அச்சகம் திறந்த அன்று முதல் ஆளாகப் போய், அந்த நாலு பெரிய நெகட்டிவ்வையும் கத்தரித்துத் துண்டு துண்டாக்கிக் குப்பையில் போட்டேன். திருடன்கூட அவ்வளவு பதறியிருக்க மாட்டான். நீயே வேறு ஏதாவது வழியில் கண்டுபிடித்துச் சரிசெய்துகொள்வாய், என் பெயர் வராமலேயே முடிந்துவிடும் என்று நம்பினேன். ஒவ்வொரு வாரமும் போனில் "வந்துடுச்சாடா?" என்று கேட்பேன். "வரல நைனா" என்பாய். அந்த நாட்களில் நான் என்னையே வெறுத்தேன். ஆனால் வெறுத்துக்கொண்டே இருந்தேனே தவிர, வாயைத் திறக்கவில்லை.

சித்திரையில் நீ நேராகவே கேட்டாய். ஃபிலிம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று உன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற சார் கேட்டாராம். நீ அவரிடம், "அது எங்கப்பா எடுத்தது சார், அதுல தப்பு இருக்காது" என்று சொன்னாயாம். அதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொல்லிவிட்டு, "இருந்தாலும் கேக்கறேன், எதுனா கை வச்சியா நைனா?" என்றாய். நான் கோபப்பட்டேன். "நான் இன்னாத்துக்குடா கை வைக்கப் போறேன்? இருபத்தஞ்சு வருசமா இந்தத் தொழில் பண்ணிக்கினு கீறேன், என்னையே சந்தேகப்படறியா?" என்று கத்தினேன். நீ, "இல்ல நைனா, சும்மா கேட்டேன், கோவிச்சிக்காத" என்று மன்னிப்புக் கேட்டாய். நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டாய்.

அதன் பிறகுதான் உன்னோடு வேலை செய்கிற பையன் சொன்னதை நீ சொன்னாய். "இவங்களுக்கு சீட் கெடைக்கும், கை எங்கேர்ந்து கெடைக்கும்" என்று அவன் உன் முதுகுக்குப் பின்னால் சொன்னது உன் காதில் விழுந்திருக்கிறது. நீ அதைச் சாதாரணமாகச் சொல்ல முயற்சி பண்ணினாய். எனக்குத் தெரியும், என்னிடம் இதைச் சொல்வதற்கே உனக்கு எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும். எந்தப் பெயர் என்மேல் விழுந்துவிடுமோ என்று வாழ்நாள் முழுக்கப் பயந்தேனோ, அதை எடுத்து உன் தலையில் வைத்துவிட்டு நான் சுத்தமான கைக்காரனாக உட்கார்ந்திருந்தேன். அப்போதும் நான் சொன்னது என்ன? "அவங்க கெடக்கறாங்க, வுடுடா" என்றேன். உனக்கு ஆறுதல் சொன்ன மாதிரி இருந்திருக்கும். அது ஆறுதல் இல்லடா, எனக்கு நானே போட்டுக்கொண்ட பூட்டு.

நேற்று உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நடவுக்குப் போய்விட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். கத்துவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். சேற்றைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பிறகு, "எனக்கு அந்த வளையம் கிளையம்லாம் தெரியாது. என் புள்ள ஆறு மாசமா தனக்குக் கை இல்லன்னு நெனச்சிக்கினு கீறான். நீ பாத்துக்கினு குந்தினிருந்த" என்றாள். எழுதிப் போடுகிறேன் என்றேன். "எழுது. எழுதிட்டு நேர்ல போ. காயிதம் உன் மானத்தத்தான் காப்பாத்தும், அவனக் காப்பாத்தாது." அதற்குப் பிறகு சோறு மட்டும் போட்டாள்.

ஒரு அப்பன் மகனுக்குக் கடிதம் எழுதினால் புத்திமதி சொல்ல வேண்டும். என்னிடம் இருக்கிறது ஒன்றே ஒன்றுதான், அதையும் உன்னைப் பாழாக்கித்தான் கற்றுக்கொண்டேன். உன்மேல் பிரியமாக இருக்கிறவர்கள் செய்து கொடுப்பதையும் லென்ஸ் வைத்துப் பார். அப்பன் எடுத்தது, நண்பன் எடுத்தது என்று விட்டுவிடாதே. நீ தப்புப் பண்ணினால் அன்றைக்கே சொல்லிவிடு. இரண்டாம் நாள் அது இரண்டு மடங்கு கனக்கும். நம்மைப் போன்றவர்களுக்குத் தப்புப் பண்ணவே உரிமை இல்லை என்று நான் நினைத்தேன். அந்த நினைப்புதான் என்னைக் கோழையாக்கியது. நீ அப்படி நினைக்காதே. அடுத்த முறை ஃபிலிமை வேறு யாரிடமாவது எடுத்துக்கொள், நான் வருத்தப்பட மாட்டேன்.

நீ அந்தப் படிப்பை விட வேண்டும் என்று உனக்கே தோன்றினால், விடு. மெட்ராஸ் வேலையும் நல்ல வேலைதான், அதைக் குறைத்துச் சொல்ல நான் யார்? ஆனால் உனக்குக் கை வராது என்று நினைத்துக்கொண்டு விடாதே. பத்து மாதம் கெட்டுப்போன ஃபிலிமை வைத்துக்கொண்டு, ராத்திரி பகல் பார்க்காமல், அந்தக் கண்ணுக்குத் தெரியாத இரட்டையைத் தேடினாயே, அதைவிடப் பொறுமையான கையை நான் பார்த்ததில்லை. என்னைச் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

காஞ்சிபுரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுகிறேன். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் நீ வெளியே வர வேண்டாம், எனக்கு வழி கேட்டுக்கொண்டு வரத் தெரியும். உன் சாரைப் பார்ப்பேன். அந்தப் பையனும் அங்கே இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன். எனக்கு இங்கிலீஷ் வராது, யாராவது எடுத்துச் சொல்லட்டும். வட்டத்தை வெட்டி நகர்த்தியவன் நான், தெரிந்தே மறைத்தவன் நான், கேட்டபோது பொய் சொன்னவனும் நான் என்று அவர்கள் முன்னால் நின்று சொல்லுவேன். இவங்க கை இப்படித்தான் என்று அவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். என்னைப் பார்த்தே சொல்லட்டும். திங்கட்கிழமை ஒன்பது மணிக்குள் வந்துவிடுவேன். அதுவரைக்கும் நீ எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே.